மண்ணில் இரும்பு இருக்கு, செடிக்குக் கிடைக்கலையே! மல்லாட்டை மஞ்சளாவது ஏன்?



"மல்லாட்டை கொல்லை முழுக்க மஞ்சளா போச்சு மேடம், யூரியா போடலாமா?" இந்தக் கேள்வி நம் குழுக் கூட்டங்களில் ஒவ்வொரு பட்டத்திலும் வருகிறது. குழுவில் கடன் வாங்கி விதை வாங்குகிறோம். உழவுக்குக் கொடுக்கிறோம். களை எடுக்க ஆள் வைக்கிறோம், இல்லை நாமே குனிந்து எடுக்கிறோம். முப்பதாவது நாள் போய்ப் பார்த்தால் செடி வெளுத்து நிற்கிறது. பயத்தில் ஒருத்தர் யூரியா போடுகிறார். இன்னொருத்தர் கடைக்காரர் கொடுத்த டானிக்கை அடிக்கிறார். செடி மாறுவதில்லை, செலவு மட்டும் ஏறுகிறது. பிறகு தவணை கட்டுவதற்குக் காதில் கிடப்பதைக் கழற்ற வேண்டியிருக்கிறது.

மஞ்சள் எல்லாம் ஒரே மஞ்சள் இல்லை. எந்தச் சத்து குறைகிறது என்று தெரியாமல் செலவு செய்யக்கூடாது. இந்த இதழில் இரும்பு, மாங்கனீசு என்ற இரண்டு நுண்ணூட்டச் சத்துகளைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

மலையிலே இரும்பு, செடியிலே பஞ்சம்

நம் திருவண்ணாமலைப் பக்கம் கவுத்திமலை, வேடியப்பன்மலை எல்லோருக்கும் தெரியும். அந்த மலைகளில் இரும்புத் தாது இருக்கிறது. அதை வெட்டி எடுக்கும் திட்டம் 2008, 2009 வாக்கில் பேசப்பட்டபோது சுற்றுவட்டார கிராம மக்கள் எதிர்த்துப் போராடியதும் நினைவிருக்கும். நம் செம்மண் சிவப்பாக இருப்பதற்கும் இரும்புதான் காரணம். பழைய மண்வெட்டியில் ஏறுகிற துருவும் மண்ணின் சிவப்பும் ஒரே வகைதான்.

அப்படியென்றால் இரும்புக்குப் பஞ்சம் எங்கிருந்து வந்தது? ஒரு கணக்கு போடுவோம். ஒரு ஏக்கர் நிலத்தில் மேல் அரை அடி மண் மட்டும் சுமார் 900 டன் இருக்கும். அதில் நூற்றுக்கு மூன்று பங்கு இரும்பு என்று வைத்தாலும் 27 டன் ஆகிறது. ஒரு மல்லாட்டைப் பயிர் மொத்தமாக எடுத்துக்கொள்வது ஏக்கருக்கு ஒன்றிரண்டு கிலோதான். 27 டன் இருக்கிற இடத்தில் 2 கிலோ கிடைக்கவில்லை என்று செடி வெளுக்கிறது!

இதைப் புரிந்துகொள்ள நம் குழுக் கணக்கையே பார்க்கலாம். குழுவின் பேரில் வங்கியில் வைப்புத்தொகை லட்சக்கணக்கில் இருக்கலாம். ஆனால் அவசரத்துக்கு ஒரு உறுப்பினருக்குக் கடன் கொடுக்க வேண்டுமானால் கையிருப்பில் பணம் இருக்க வேண்டும். மண்ணில் இருக்கிற இரும்பு வைப்புத்தொகை மாதிரி. தண்ணீரில் கரைந்து வேர் உறிஞ்சத் தயாராக இருக்கிற இரும்பு மட்டும்தான் கையிருப்பு. செடி கையிருப்பில்தான் வாழ்கிறது.

இரும்பைப் பூட்டி வைப்பது எது?

மண்ணில் இருக்கிற இரும்பு பெரும்பாலும் துரு வடிவில் இருக்கிறது. துரு தண்ணீரில் கரையாது. கொஞ்சம் புளிப்பு, அதாவது அமிலம் இருந்தால் கரையும். துருப்பிடித்த பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்க்கிறோமே, அதே சங்கதிதான்.

மண்ணின் புளிப்பையும் காரத்தையும் பி.எச். என்ற எண்ணால் அளக்கிறார்கள். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமில மண், மேலே போகப் போகக் கார மண். பி.எச். ஒரு எண் கூடினால், கரைந்து கிடைக்கிற இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மாங்கனீசு நூற்றில் ஒரு பங்காகக் குறையும். இது மண்ணியலில் சொல்லும் பொதுவான கணக்கு. அதனால் பி.எச். 6.5 இருக்கிற கொல்லையில் பச்சையாக நிற்கிற அதே விதை, 8.3 இருக்கிற கொல்லையில் வெளுத்துப் போகிறது.

இரும்பைப் பூட்டுகிற காரணங்கள் இவை:

1. சுண்ணாம்பு. சுக்கான் கல் கிடக்கிற நிலம், வெள்ளை வெள்ளையாகக் கட்டி தெரிகிற நிலம் எல்லாம் சுண்ணாம்பு மண். வேர் எவ்வளவு அமிலத்தைச் சுரந்தாலும் சுண்ணாம்பு அதை முறித்துவிடும்.

2. உப்புத் தண்ணீர். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதா? அந்தத் தண்ணீரில் பைகார்பனேட் என்ற காரப் பொருள் அதிகம். அதையே பாய்ச்சப் பாய்ச்ச மண்ணின் காரம் ஏறும்.

3. அதிக ஈரம். சுண்ணாம்புள்ள களிமண் நிலத்தில் நாலு நாள் மழைத் தண்ணீர் நின்றால் மல்லாட்டை வெளுக்கும். வேர் மூச்சு விடுகிற கரியமில வாயு வெளியே போக வழியில்லாமல் சுண்ணாம்போடு சேர்ந்து பைகார்பனேட்டாக மாறுகிறது. "மழைக்கு அப்புறம்தான் மஞ்சளாச்சு" என்று நீங்கள் சொல்வது இதனால்தான்.

4. மணிச்சத்து மிகுதி. ஒவ்வொரு பட்டமும் டி.ஏ.பி.யை அளவுக்கு மேல் போட்டால் அது இரும்போடு சேர்ந்து இரும்பைச் செடிக்குக் கிடைக்கவிடாது.

5. மக்கு குறைவு. மாடு குறைந்து, எருவும் குறைந்துவிட்டது. எரு மக்கும்போது வருகிற பொருள்கள்தான் இரும்பைப் பிடித்துக் கரைந்த நிலையில் வைத்திருக்கும். எரு காணாத மண்ணில் அந்த வேலை நடப்பதில்லை.

செடியும் சும்மா இருப்பதில்லை

இரும்பு கிடைக்கவில்லை என்று தெரிந்தால் செடி தன்னால் முடிந்ததைச் செய்யும். மல்லாட்டை, உளுந்து, தக்காளி மாதிரியான செடிகளின் வேர், அமிலத்தைச் சுரந்து துருவைக் கரைக்கப் பார்க்கும். சுண்ணாம்பு மண்ணில் இந்த வழி பலிப்பதில்லை.

நெல், சோளம், கம்பு, மக்காச்சோளம் எல்லாம் புல் வகை. இவற்றின் வேர் வேறு வழி வைத்திருக்கிறது. இரும்பைக் கவ்விக்கொண்டு வரும் ஒரு பொருளை மண்ணுக்குள் அனுப்பும். அது இரும்பைப் பிடித்து வேருக்குக் கொண்டுவந்து சேர்க்கும். இந்த வழி சுண்ணாம்பு மண்ணிலும் ஓரளவு வேலை செய்யும்.

வட சீனாவில் சுண்ணாம்பு மண்ணில் மல்லாட்டையைத் தனியாகப் போட்டால் வெளுத்தது. மக்காச்சோளத்தோடு ஊடுபயிராகப் போட்டபோது பக்கத்து வரிசை மல்லாட்டை பச்சையாக இருந்தது. மக்காச்சோள வேர் கொண்டுவந்த இரும்பில் மல்லாட்டைக்கும் பங்கு கிடைத்தது என்று 2000-ம் ஆண்டு வாக்கில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நம் பாட்டிமார் மல்லாட்டைக் கொல்லையில் கம்பும் சோளமும் ஊடே விதைத்தது வீட்டுச் சாப்பாட்டுக்காக. மண்ணுக்குள்ளேயும் அதற்கு ஒரு பலன் இருந்திருக்கிறது.

மல்லாட்டைக்கு இரும்பு ஏன் இவ்வளவு முக்கியம்? இரும்பு இல்லாமல் இலையில் பச்சையம் உண்டாகாது. இன்னொன்றும் இருக்கிறது. மல்லாட்டை வேரைப் பிடுங்கிப் பாருங்கள். சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். நல்ல முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே ரத்தம் போல இளஞ்சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்பும் இரும்பால்தான். காற்றில் இருக்கிற தழைச்சத்தைச் செடிக்குச் சேர்த்துத் தருவது அந்த முடிச்சுதான். இரும்பு குறைந்தால் முடிச்சும் சரியாக வேலை செய்யாது.

கழனியில் நடப்பது வேறு

"அதே நிலத்துல நெல்லு போட்டா பச்சையா இருக்குது, மல்லாட்டை போட்டாத்தான் வெளுக்குது" என்று சிலர் சொல்கிறார்கள். சரிதான். கழனியில் தண்ணீர் நிற்கும்போது மண்ணுக்குள் காற்று போவதில்லை. காற்று இல்லாத இடத்தில் கரையாத துரு, கரையும் இரும்பாக மாறுகிறது. மாங்கனீசும் அப்படியே. அதனால் நடவு செய்த கழனியில் இரும்புப் பற்றாக்குறை சாதாரணமாக வராது. தண்ணீர் நிற்காத மேட்டு நாற்றங்காலிலும், நேரடியாக விதைத்த புழுதி நெல்லிலும் இளம் இலை வெளுப்பது உண்டு.

அமில மண்ணில் கதை தலைகீழ். கேரளாவில் குட்டநாடு போன்ற தாழ்வான புளிப்பு நிலங்களில் இரும்பு மிதமிஞ்சிக் கரைந்து நெல் இலை செம்பு நிறமாகக் கருகுகிறது. குறைந்தாலும் தொல்லை, கூடினாலும் தொல்லை. அதனால்தான் மண்ணைச் சோதிக்காமல் எதையும் கொட்டக்கூடாது என்று சொல்கிறோம்.

மாங்கனீசு என்றால் என்ன?

மாங்கனீசும் இரும்பு போல ஒரு உலோகம். செடிக்கு மிகக் கொஞ்சமே போதும். வெயிலை வைத்துச் செடி உணவு சமைக்கும்போது தண்ணீரைப் பிளக்க வேண்டும். அந்தப் பிளக்கிற வேலையைச் செய்வது மாங்கனீசு. நாம் மூச்சு விடுகிற பிராணவாயு அப்போதுதான் வெளிவருகிறது.

நம் செம்மண்ணில் பெரும்பாலும் மாங்கனீசு போதுமான அளவு இருக்கும். சுண்ணாம்பு மண், மணல் சாரி மண் ஆகியவற்றில் குறையலாம். பஞ்சாபில் ஒரு பாடம் இருக்கிறது. அங்கே மணல் நிலங்களில் வருடா வருடம் தண்ணீர் கட்டி நெல் போட்டார்கள். தேங்கிய தண்ணீரில் மாங்கனீசு கரைந்து ஆழத்துக்கு இறங்கிவிட்டது. அடுத்துப் போட்ட கோதுமையில் மாங்கனீசுப் பற்றாக்குறை வந்தது. மணல் நிலத்தில் நெல்லும் புன்செய்ப் பயிரும் மாற்றி மாற்றிப் போடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். இரும்பும் மாங்கனீசும் வேருக்குள் நுழையப் போட்டி போடுபவை. ஒன்றை அளவுக்கு மீறிக் கொடுத்தால் மற்றது குறையும். "இரும்புதானே, கூடவே அடிச்சா என்ன?" என்று இரண்டு பங்கு அடிக்கக் கூடாது.

இந்தியா முழுக்க எடுத்த மண் மாதிரிகளில் சுமார் 13 சதவீதத்தில் இரும்பும், சுமார் 7 சதவீதத்தில் மாங்கனீசும் பற்றாக்குறை என்று அகில இந்திய நுண்ணூட்ட ஆராய்ச்சித் திட்டம் கணக்கிட்டிருக்கிறது. துத்தநாகம் 36 சதவீதத்துக்கு மேல். அதனால் மஞ்சள் கண்டவுடன் இரும்பு என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது.

எந்த இலை மஞ்சள்? முதலில் அதைப் பாருங்கள்

இரும்பு ஒரு இலையில் போய்ச் சேர்ந்துவிட்டால் அங்கிருந்து கிளம்பி வேறு இலைக்குப் போகாது. தழைச்சத்து அப்படி இல்லை. பழைய இலையிலிருந்து கிளம்பி இளம் இலைக்குப் போகும். இது ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி நோயை நாமே கண்டுபிடித்துவிடலாம்.

தழைச்சத்து குறைவு: அடி இலை முதலில் மஞ்சளாகும். நரம்பும் சேர்ந்து வெளுக்கும். நுனி இலை பச்சையாக இருக்கும்.

இரும்பு குறைவு: நுனிக் கொழுந்து முதலில் வெளுக்கும். நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரியும், நடுவே மஞ்சள். முற்றினால் கொழுந்து முழுக்க வெள்ளையாகிக் காகிதம் போல ஆகும். அடி இலை பச்சையாகவே இருக்கும்.

மாங்கனீசு குறைவு: இதுவும் இளம் இலையிலும் நடு இலையிலும் நரம்புக்கு நடுவே மஞ்சளாகும். கூடவே பழுப்புப் புள்ளிகள் விழும்.

வைரஸ் நோய்: அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செடிகள் மட்டும் மஞ்சள் திட்டுத் திட்டாகவோ சுருண்டோ இருக்கும். சத்துக் குறைவு அப்படி வராது. ஒரு பகுதி முழுக்கப் பரவலாக வரும்.

வீட்டில் செய்யக்கூடிய இரண்டு சோதனைகள்

சுண்ணாம்புச் சோதனை: காய்ந்த மண்ணைக் கொஞ்சம் ஒரு தட்டில் எடுங்கள். சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரை பொங்கினாலோ, காதருகில் வைத்தால் சீறுகிற சத்தம் கேட்டாலோ சுண்ணாம்பு அதிகம். வினிகர் வீரியம் குறைந்த அமிலம். அதனால் நுரை வராவிட்டால் சுண்ணாம்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மண் பரிசோதனை நிலையத்தில் வலுவான அமிலம் வைத்துப் பார்ப்பார்கள்.

பத்துச் செடிச் சோதனை: கொல்லை முழுக்க அடிப்பதற்கு முன்னால் ஒரு வரிசையில் பத்துச் செடிக்கு மட்டும் இரும்புக் கரைசல் தெளியுங்கள். அந்த இடத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். வெளுத்த இலையில் பச்சை திரும்பினால் குறை இரும்புதான். மாற்றமே இல்லையென்றால் வேறு காரணம். பத்துச் செடிக்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. ஏக்கருக்கான செலவை அது காப்பாற்றும்.

உடனே என்ன செய்யலாம்? அன்னபேதிக் கரைசல்

இரும்பு சல்பேட்டை நம் ஊரில் அன்னபேதி உப்பு என்று சொல்வார்கள். இளம்பச்சை நிறத்தில் இருக்கும். அதைத் தண்ணீரில் கரைத்து இலையில் தெளிப்பதுதான் உடனடி வழி. பூட்டிக் கிடக்கிற மண்ணைத் தாண்டி நேராக இலைக்கே கொடுத்துவிடுகிறோம்.

ஒரு 10 லிட்டர் டேங்குக்கு:
இரும்பு சல்பேட் 100 கிராம்
சிட்ரிக் அமிலம் (எலுமிச்சை உப்பு) 10 கிராம்

ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் என்று வைத்தால் இரும்பு சல்பேட் 2 கிலோ, எலுமிச்சை உப்பு 200 கிராம். மஞ்சள் தெரிந்தவுடன் ஒரு முறை. பத்து நாள் இடைவெளியில் இன்னும் ஒன்று அல்லது இரண்டு முறை. இரும்பு இலைக்கு இலை நகராது என்று பார்த்தோம் அல்லவா? அதனால் முதல் தெளிப்பில் பழைய கொழுந்து பச்சையானாலும், பிறகு வருகிற புதுக் கொழுந்துக்குத் திரும்பவும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

எலுமிச்சை உப்பு எதற்கு? இரும்பு சல்பேட் தண்ணீரில் கரைந்தவுடன் காற்று பட்டுத் துருவாக மாறத் தொடங்கும். புளிப்பு இருந்தால் அது தள்ளிப்போகும். அதனால் முதலில் தண்ணீரில் எலுமிச்சை உப்பைக் கரையுங்கள், பிறகு அன்னபேதியைப் போடுங்கள். கரைசல் பழுப்பாக மாறிவிட்டால் வீண். காலையில் கரைத்து மாலையில் அடிக்கக் கூடாது.

கவனிக்க வேண்டியவை:
பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள்.
வடிகட்டி ஊற்றுங்கள்.
வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கமும் நனையும்படி தெளியுங்கள்.
அளவு கூடினால் இலை கருகும்.
பூச்சி மருந்தோடு கலக்காதீர்கள்.
கையுறையும் பழைய முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். சேலையில் பட்டால் கறை போகாது.
மீதி உப்பைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

மாங்கனீசுக் குறை என்று மண் பரிசோதனையில் தெரிந்தால் மாங்கனீசு சல்பேட் 10 லிட்டருக்கு 50 கிராம் வீதம் தெளிக்கலாம்.

40, 45-வது நாளில் களையெடுத்து மண் அணைக்கும்போது போடுகிற ஜிப்சத்தை மஞ்சளுக்கு மருந்து என்று சிலர் நினைக்கிறார்கள். ஜிப்சம் காய் திரட்சிக்கு அவசியம், அதை விடாதீர்கள். ஆனால் அதில் இரும்பு கிடையாது.

நிரந்தரமாக என்ன செய்யலாம்?

தெளிப்பு முதலுதவி மாதிரி. அடுத்த பட்டமும் அதே மண்ணில்தான் விதைக்கப் போகிறோம். மண்ணைச் சரி செய்யும் வழிகளையும் பார்ப்போம்.

தொழுஉரம்: ஏக்கருக்கு 5 டன் என்பது பரிந்துரை. அவ்வளவு கிடைக்காவிட்டால் இருப்பதை வெளுக்கிற இடத்துக்கு முதலில் போடுங்கள். தண்ணீர் வசதி இருந்தால் சணப்பு, தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் முன் மடக்கி உழலாம்.

ஊட்டமேற்றிய எரு: அன்னபேதியை வெறுமனே சுண்ணாம்பு மண்ணில் தூவினால் சில நாளில் துருவாகிப் பூட்டிக்கொள்ளும். காசு மண்ணோடு போச்சு. அதற்குப் பதிலாக ஒரு பங்கு நுண்ணூட்டத்துக்குப் பத்துப் பங்கு மக்கிய எரு கலந்து, லேசான ஈரத்தில் நிழலில் ஒரு மாதம் வைத்துப் பிறகு போடுங்கள். எரு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நுண்ணூட்டக் கலவை: வேளாண்மைத் துறையின் மல்லாட்டை நுண்ணூட்டக் கலவை ஏக்கருக்கு 5 கிலோ. மொத்தம் 20 கிலோ ஆகும்படி காய்ந்த மணல் கலந்து, விதைத்தவுடன் மேலாகத் தூவ வேண்டும். மண்ணுக்குள் கிளறிவிடக் கூடாது.

தண்ணீர்: காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுங்கள். தேங்கும் இடத்தில் வடிகால் வெட்டுங்கள்.

ஊடுபயிர்: கம்பு, சோளம், மக்காச்சோளம் என ஒரு புல்வகைப் பயிரைச் சேர்த்துப் பாருங்கள்.

மண் மாதிரி எடுப்பது நம் வேலை

மண்வள அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரியில் தொடங்கியது. அந்த அட்டையில் 12 விவரங்கள் இருக்கும். இரும்பும் மாங்கனீசும் அதில் உண்டு. ஆனால் திட்டத்தில் இறவை நிலத்துக்கு இரண்டரை ஹெக்டேருக்கு ஒன்று, மானாவாரி நிலத்துக்குப் பத்து ஹெக்டேருக்கு ஒன்று என்றுதான் மாதிரி எடுத்தார்கள். பத்து ஹெக்டேர் என்றால் 25 ஏக்கர்! உங்கள் அட்டையில் இருப்பது பக்கத்துக் கொல்லை மண்ணாகவும் இருக்கலாம். அதனால் உங்கள் நிலத்து மண்ணை நீங்களே எடுத்துக் கொடுப்பது நல்லது.

எடுக்கும் முறை: வரப்பு ஓரம், மர நிழல், எருக்குப்பை இருந்த இடம், வாய்க்கால் பக்கம் வேண்டாம். உரம் போட்டவுடன் எடுக்க வேண்டாம். குறுக்கும் நெடுக்குமாக நடந்து 10 முதல் 15 இடங்களில் மேல் குப்பையைத் தள்ளிவிட்டு, 'வி' வடிவில் அரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். இங்கேதான் ஒரு முக்கியமான விஷயம். துருப்பிடித்த மண்வெட்டி பட்ட மண்ணை அப்படியே கொடுத்தால் பரிசோதனையில் மண்வெட்டியின் இரும்பும் சேர்ந்து வரும். குழியின் பக்கத்தை மூங்கில் சிம்பால் ஒரு முறை சீவித் தள்ளிவிட்டு, அதற்குப் பிறகு வரும் மண்ணை மூங்கில் சிம்பாலேயே மேலிருந்து கீழாகச் சுரண்டி எடுங்கள். பிளாஸ்டிக் வாளியில் சேருங்கள். தகர வாளி வேண்டாம். எல்லாவற்றையும் கலந்து நாலு பங்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கை ஒதுக்கி, அரைக் கிலோ வரும்வரை குறையுங்கள். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டி, பெயர், ஊர், சர்வே எண், போடப்போகும் பயிர், இறவையா மானாவாரியா என்று சீட்டு எழுதி வையுங்கள்.

உங்கள் பகுதி உதவி வேளாண்மை அலுவலரிடமோ, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ, திருவண்ணாமலை மண் பரிசோதனை நிலையத்திலோ கொடுக்கலாம். வெம்பாக்கம் பக்கத்துச் சகோதரிகளுக்குக் கீழ்நெல்லி வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது.

அட்டையைப் படிப்பது எப்படி? இரும்பு, மாங்கனீசு வரிகளில் ஒரு கிலோ மண்ணுக்கு எத்தனை மில்லிகிராம் என்று எண் இருக்கும். மாங்கனீசு 2-க்குக் கீழே போனால் பற்றாக்குறை. இரும்புக்கு மட்டும் தமிழ்நாட்டில் இரண்டு அளவு வைத்திருக்கிறார்கள். சுண்ணாம்பு இல்லாத மண்ணில் 3.7, சுண்ணாம்பு மண்ணில் 6.3. உதாரணமாக, இரண்டு பேர் அட்டையிலும் இரும்பு 5 என்று இருக்கிறது. செம்மண் கொல்லைக்காரருக்கு அது போதும். சுக்கான் நிலத்துக்காரருக்கு அது போதாது. எனவே எண்ணை மட்டும் பார்க்காமல் பி.எச். வரியையும் சேர்த்துப் பாருங்கள், சுண்ணாம்பு உண்டா என்று கேளுங்கள்.

பட்டா வீட்டுக்காரர் பேரில் இருக்கிறது, நான் போய்க் கேட்கலாமா என்று தயங்காதீர்கள். விதைப்பது, களை எடுப்பது, காய் ஆய்வது எல்லாம் நாம். கொழுந்து வெளுத்ததை முதலில் பார்ப்பதும் நாம்தான். மாதிரி கொடுக்கும்போதும் முடிவு வாங்கும்போதும் நேரில் போய் நின்று கேளுங்கள். நாலைந்து பேராகச் சேர்ந்து போனால் பதிலும் பொறுமையாகச் சொல்வார்கள்.

நமக்கும் இரும்பு வேண்டும்

செடியைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டோம். 2019-21-ல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கூட்டத்துக்கு வருகிற 12 பேரில் 6 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கேயும் அதே விதிதான். சாப்பாட்டில் இரும்பு இருந்தால் மட்டும் போதாது, உடம்பில் சேர வேண்டும். சாப்பிட்டவுடன் டீ, காபி குடித்தால் அது இரும்பைச் சேரவிடாது. கீரையோடு எலுமிச்சை, நெல்லிக்காய், தக்காளி சேர்த்துக்கொண்டால் நன்றாகச் சேரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. மாத்திரையிலும் இரும்பு சல்பேட்தான், சித்த மருத்துவத்தில் அன்னபேதி செந்தூரமும் உண்டு என்பதற்காகக் கடையில் வாங்கிய உர அன்னபேதியை யாரும் வாயில் வைக்கக் கூடாது. மாத்திரையையும் குழந்தைகள் எடுக்க முடியாத இடத்தில் வையுங்கள். சின்னப் பிள்ளைகள் நிறைய விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச

1. நம் குழுவில் யார் யார் நிலத்தில் சுக்கான் கல் இருக்கிறது? யார் கிணற்றுத் தண்ணீர் பாத்திரத்தில் படிகிறது?
2. போன பட்டத்தில் மஞ்சளுக்காக யூரியா, டானிக் என்று ஒவ்வொருவரும் எவ்வளவு செலவு செய்தோம்? தீர்மானப் புத்தகத்தில் கூட்டிப் பாருங்கள்.
3. விதைப்புக்கு ஒரு மாதம் முன்பே எல்லோரும் ஒரே நாளில் மண் மாதிரி எடுத்து, இரண்டு உறுப்பினர்கள் கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா?
4. அன்னபேதியும் எலுமிச்சை உப்பும் குழுவாக மொத்தமாக வாங்கி, தேவைப்படுகிறவர்கள் எடைபோட்டு எடுத்துக்கொள்ளலாமா? அடக்க விலையைக் கணக்கில் எழுதிவிடலாம்.

பயிர்க்கடன் கேட்கும்போது விதை, உழவு, களை என்று கணக்கு எழுதுகிறோம். அதில் மண் பரிசோதனை என்று ஒரு வரியையும் இந்தப் பட்டத்திலிருந்து சேர்த்து எழுதுங்கள். மஞ்சள் தெரிந்தால் முதலில் நுனியா அடியா என்று பாருங்கள். அதன் பிறகு கடைக்குப் போங்கள்.

உங்கள் கொல்லையில் பத்துச் செடிச் சோதனை செய்து பார்த்தவர்கள், என்ன ஆயிற்று என்று ஊக்குநரிடம் சொல்லி அனுப்புங்கள். பச்சை திரும்பினாலும் சரி, திரும்பாவிட்டாலும் சரி, அடுத்த இதழில் எல்லோருக்கும் பயன்படும்படி வெளியிடுவோம்.

– களப்பணி ஒருங்கிணைப்பாளர், திருவண்ணாமலை